பிஸ்கட் டப்பாவில் என் தலை

வார இதழ் ஒன்றை அச்சிடும் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளாகப் பிறர் எழுத்தில் பிழை திருத்துபவன் நான். அவ்விதழின் சிறுகதைப் போட்டிக்கு நானே எழுதுவதென்று தீர்மானித்த அன்று, பின்னறையிலிருந்த மனைவியின் தையல் இயந்திரத்தைக் கூடத்துக்குத் தள்ளினேன். கதவில், 'எழுத்தாளர் மட்டும்' என்று எழுதி ஒட்டினேன்.

"அறையை எப்பங்க திருப்பித் தருவீங்க?"

"யார் கதை அச்சுல வருதோ, அவங்களுக்குத்தான் அறை."

"யார் கதைன்னாலுமா?"

"இந்த வீட்டுல வேற யாரு எழுதப் போறா?"

உட்கார்ந்தேன். கதை வரவில்லை. நூறு கவலைகள் தலைக்குள் கால்நீட்டிப் படுத்திருந்தால் கற்பனை எங்கே உட்காரும்? ஆகவே, உறுத்துவதையெல்லாம் துண்டுக் காகிதங்களில் எழுதி வெளியேற்றினேன். மைத்துனரின் குடையைப் பேருந்தில் தொலைத்துவிட்டு, அவரையே மறதிக்காரர் என்று தூற்றியது. மனைவி தைத்த சட்டை பிடிக்காமல், சிறுத்துவிட்டதாகப் புளுகி, அச்சக மேலாளர் தலையில் கட்டியது. தொழில் புத்தி விடுமா? ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் இட்டேன். காற்புள்ளி பிசகாமல் பார்த்தேன். பிஸ்கட் டப்பாவில் அடைத்தேன்.

"இதுல என்னங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"என் தலை. படிக்காதே, பத்திரமா வை."

"பரவாயில்ல, கனமே இல்ல."

வெள்ளிக்கிழமைக்குள் தலை முற்றிலும் காலி. தும்மினால் உள்ளே எதிரொலித்தது. பக்கத்து வீட்டுக்காரர் என் பெயரைச் சொல்லி அழைத்தபோது, யாரைத் தேடுகிறார் என்று நானும் சேர்ந்து தேடினேன்.

சனிக்கிழமை கடைசி நாள்.

"எழுதியாச்சா?"

"இடம் தயார். கற்பனைதான் இன்னும் வரல."

"வந்தா உக்காரச் சொல்லுங்க. நான் தபாலாபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன்."

மறுமாதம் முதற்பரிசுக் கதை பிழைதிருத்தத்துக்காக என் மேசைக்கே வந்தது. தலைப்பு, 'என் வீட்டுக்காரரின் தலை'. கீழே மனைவியின் பெயர். முதல் பத்தியிலேயே குடை.

"படிச்சீங்களா சார்?" என்றார் மேலாளர், அந்தச் சட்டையை அணிந்தபடியே. "ஒரு கமா தப்பில்ல. பாவம், அந்தச் சட்டையை வாங்கிக்கிட்ட ஆளுதான் ஏமாளி."

வீடு திரும்பினேன். தையல் இயந்திரம் பின்னறையில் இருந்தது. அதன்மேல் ஒரு கட்டு வெள்ளைத்தாளும்.

"படிக்காதேன்னு சொன்னேனே?"

"படிக்காம எப்படிங்க நகலெடுக்கறது? நீங்க நம்பர் போட்டிருந்ததால சுலபமாப் போச்சு. 'நான்'ங்கிற இடத்துல மட்டும் 'அவர்'னு மாத்தினேன்."

கதவில் நான் ஒட்டிய காகிதம் அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.