பியானோவுக்கு வரன் பார்த்த பொருத்தம் அண்ணன்

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எந்த உயிரும், எந்தப் பொருளும் ஒரு மாதத்துக்கு மேல் ஜோடியில்லாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. பொருத்தம் அண்ணன் விடமாட்டார். தொழில் கல்யாணத் தரகு. வாயைத் திறந்தால் "பொருத்தம் பாக்கணும்பா" என்பார், அதனால் அந்தப் பெயர். நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எங்கள் குக்கர் ஓட்டையாகி மூடி மட்டும் மிஞ்சியபோது, ஐயம்பேட்டையில் மூடி தொலைந்த குக்கர் ஒன்றைத் தேடிப் பிடித்து, நல்ல நாள் பார்த்துச் சேர்த்துவைத்தவர் அவர்.

அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உண்மையைச் சொல்லிவிடுவார். "பையன் தங்கம். கொறட்டை மட்டும் மூணு வீட்டுக்குக் கேக்கும்" என்று பெண் வீட்டிலேயே சொல்லுவார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். இவர் ஒரு உண்மையைச் சொல்லி ஆயிரம் கல்யாணத்தை நிறுத்தியிருப்பார்.

அப்பேர்ப்பட்டவரிடம் போன வருஷம் ஒரு பியானோ போய் மாட்டியது என் தப்புதான். பக்கத்து வீட்டு எலிசபெத் டீச்சர், பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர், மகளோடு சென்னைக்குப் போவதென்று முடிவாயிற்று. மகளின் ஃப்ளாட்டில் பியானோவுக்கு இடமில்லை. ஆடி பிறந்தால் யாரும் குடிவரமாட்டார்கள் என்று வீட்டுக்காரர் ஆனிக்குள் சாவி கேட்டார்.

"யாரும் கெடைக்கலன்னா மரக்கடைக்குத்தான்பா போகும். கோடாலி விழற சத்தம் மட்டும் என் காதுல கேக்கக் கூடாது" என்றார் டீச்சர். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. பொருத்தம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் பியானோவை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு பொறந்த ஊரு இன்னா டீச்சர்?"

"லண்டன்னு உள்ள எழுதியிருக்குது."

"அசலூரு. பரவால்ல. கொறை எதுனா இருக்குதா? மறைக்காம சொல்லும்மா."

"வலது பக்கம் மூணு கட்டை பேசாது."

"அளவாப் பேசற பொண்ணுன்னு சொல்லிடலாம்" என்றார். அவர் வாழ்க்கையில் அதுவரை சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

பெண் பார்க்கும் படலம் ஆரம்பமாயிற்று. சொஜ்ஜி பஜ்ஜி கட்டாயம் என்றார். டீச்சர் பஜ்ஜி போட்டுவிட்டு, வந்தவர்களுக்குப் பியானோவும் வாசித்துக் காட்ட வேண்டும். முதலில் ஒரு லாட்ஜ் முதலாளி வந்தார். நாலு பஜ்ஜி தின்றுவிட்டு, "ரிசப்ஷன்ல போட்டா மேல பூச்சட்டி வெக்கலாம்" என்றார். அடுத்து வந்த பட்டுக்கடைக்காரர், "மேல பொடவைய விரிச்சுப் போட்டா அம்சமா இருக்கும்" என்றார். இரண்டு பேரையும் பொருத்தம் அண்ணனே வேண்டாமென்று அனுப்பிவிட்டார். மூன்றாவது ஆள் விரலால் பக்கவாட்டில் தட்டிப் பார்த்து, "நல்ல மரம்" என்றார். அவர் கையிலிருந்த பஜ்ஜித் தட்டு பிடுங்கப்பட்டது.

ஆனி முடிய இரண்டு நாள்தான் இருந்தது. டீச்சர் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். "பூச்சட்டியே வெச்சுக்கட்டும்பா. கோடாலிக்கு அது தேவலை" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க பொருத்தத்துல பியானோ வெறகாகப் போவுதுண்ணே!"

அவர் விறுவிறுவென்று ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். முசரவாக்கம் தாஸ், தறி ரிப்பேர் பார்ப்பவர். தாஸ் பியானோவின் தலையைப் பார்க்கவே இல்லை. முன்பலகையைக் கழற்றி, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தார்.

"கம்பியத் தட்டற சுத்தி மூணு ஒட்டிக்கினு இருக்குது டீச்சர், அவ்ளோதான். தறியில பூப்போடற ஜக்கார்டு பெட்டியில இத விடச் சிக்கல்லாம் பிரிச்சிருக்கேன். பேச வெச்சிடலாம். எம் பொண்ணு சர்ச்சுல கீபோர்டு வாசிக்குது, அதுக்குத்தான் கேக்கறேன்."

பொருத்தம் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? மேல இன்னா வெக்கலாம்னு கேக்கல, உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்குறாரு."

எங்கள் சந்துக்குள் லாரி வராது. ஆனி கடைசி நாளன்று அண்ணன், கோயிலில் சாமி தூக்கும் எட்டு பேரை மூங்கில் கழிகளோடு அழைத்து வந்தார். பெண்ணை வெறுமனே அனுப்பக் கூடாதென்று பியானோவுக்கு ஒரு பட்டுப்புடவையும் போர்த்தினார். தூக்குகிறவர்களுக்குத் தெரிந்தது ஒரே நடைதான். நாலடி போவார்கள், நிற்பார்கள், இடமும் வலமும் ஒரு குலுக்கு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் புடவைக்குள்ளிருந்து 'டொய்ங்' என்றது. எதிர்வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நில்லுங்கபா, தட்டு கொண்டாரேன்" என்று உள்ளே ஓடினார்.

"கற்பூரம் காட்டும்மா, கண்ணுபடாம போவட்டும்" என்றார் பொருத்தம் அண்ணன், கொஞ்சமும் கூச்சமில்லாமல். டீச்சர் சிலுவைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழவும் செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மறுவீடு என்று சொல்லி டீச்சரைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். பழம், பூவோடு நாங்கள் மூவரும் முசரவாக்கம் போனோம். டீச்சர் வாசித்தார். மூன்று கட்டைகளும் பேசின. பொருத்தம் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நம்ம பொண்ணு நல்லாருக்குது" என்றார். இப்போதும் மாதம் ஒருமுறை போய் விசாரித்துவிட்டு, டீச்சருக்கு போன் போட்டுச் சொல்கிறார்.

எங்கள் வீட்டில் பழைய டேபிள் ஃபேன் ஒன்று இருக்கிறது. ஓடும், தலை மட்டும் திரும்பாது. அதற்கும் இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வாராவாரம் வந்து உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே ஒரு வரன் சொல்கிறார். நானும் ஏதாவது குறை சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். தெருவின் சரித்திரத்தை மீறி ஆறு மாதமாக அந்த ஃபேன் அங்கேயேதான் இருக்கிறது. அது போய்விட்டால் பொருத்தம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு எதற்கு வரப்போகிறார்?