லாரிக்குள் ஈசிஜி அண்ணன்

கோவை மாவட்டத்திலேயே அதிக முறை செத்துப் பிழைத்தவர் எங்கள் ஈசிஜி அண்ணன்தான். வாரத்துக்கு இரண்டு முறையாவது சாவார். சனிக்கிழமை அரை நாள் என்பதால் அன்று மட்டும் விடுமுறை.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனி. நான் பர்ச்சேஸ் பிரிவு, அவர் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. சாப்பாட்டுப் பையில் எப்போதும் ஒரு ஃபைல், அதற்குள் ஈசிஜி தாள்கள். “நல்லாயிருக்கீங்களாண்ணா?” என்று தெரியாத்தனமாகக் கேட்டால் வாயால் பதில் வராது, தாள்தான் வரும். எல்லாத் தாளும் இதயம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லின. “மிஷினு பழசுங்க அம்மணி” என்பார்.

திடீரென்று நெஞ்சை இறுக்கும், கை மரத்துப்போகும். உடனே பொறுப்புகளை ஒப்படைக்க ஆரம்பித்துவிடுவார். “கிணத்துக்கடவு லோடுக்கு பேப்பரெல்லாம் மூணாவது டிராயர்ல இருக்குதுங்க அம்மணி. நான் போனதுக்கப்புறம் தேடிட்டு இருக்காதீங்க.” பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அதே டிராயரிலிருந்து முறுக்கு எடுத்துக் கடித்துக்கொண்டிருப்பார். நாங்கள் சிரிப்போம். ஆனால் அவருடைய சட்டை மட்டும் பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும்.

கடைசியில் ஒரு டாக்டர், “உங்களுக்கு நெஞ்சுல ஒண்ணுமில்ல, மனப்பதட்டம். கவுன்சலிங் போங்க” என்று சொல்லிவிட்டார். அண்ணன் இடிந்துபோனார். “மாரடைப்புன்னா ஊருக்குள்ள ஒரு மரியாதை இருக்குதுங்க. பதட்டத்தை எப்புடீங்க வெளிய சொல்றது?”

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஆன்லைனில் ஒரு கவுன்சலரை ஏற்பாடு செய்தாள். நீண்ட அனுபவமுள்ள அம்மையார். புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குப் போனில் பேசுவார். வீட்டில் பேசினால் மனைவி பயந்துவிடுவார் என்று அண்ணன் ஆபீசையே தேர்ந்தெடுத்தார்.

முதல் நாள் சாம்பார் டப்பாவில் போனைச் சாய்த்து, ஸ்பீக்கரைப் போட்டார். சுற்றி உட்கார்ந்து நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“சார், நீங்க தனியாத்தானே இருக்கீங்க?” என்று கேட்டார் அம்மையார்.

“தனியாத்தானுங்க மேடம். எட்டே பேருதான்.”

“எட்டுப் பேரா?” என்றார் அம்மையார்.

“எல்லாம் நம்ம ஆளுங்கதானுங்க. மேடத்துக்கு வணக்கஞ் சொல்லுங்கப்பா” என்றார். சோற்று வாயோடு வணக்கம் சொன்னோம். ஸ்டோர்கீப்பர் இடையில் புகுந்து, “மேடம், எனக்குங்கூட தூக்கம் வர்றதில்லீங்க” என்று தன் குறையை வைத்தார். இங்கே பேசுவது இரண்டு பேருக்குள் மட்டும் இருக்க வேண்டியது என்று அம்மையார் பொறுமையாக விளக்கி, அடுத்த புதனுக்கு நேரம் கொடுத்தார்.

அடுத்த புதன் அண்ணன் தனியிடம் தேடி அலைந்தார். மாடியில் வெயில். மீட்டிங் ரூம் முழுக்கக் கண்ணாடி. யார்டில் லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டிய லாரி ஒன்று நின்றது. பின்பக்கக் கயிறு கொஞ்சம் தளர்ந்திருந்த இடத்தில் உள்ளே புகுந்து, ஒரு பம்ப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். உள்ளே நடந்ததை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கண்ணை மூடி மெதுவாக மூச்சு விடச் சொன்ன அம்மையார், இது முதன்முதலில் எப்போது வந்தது என்று கேட்டார். அண்ணன் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். அவருக்குப் பக்கத்து மேசையில் பல வருஷம் உட்கார்ந்திருந்த நண்பர் ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்றார். “கேஸாத்தான் இருக்கும், ஒரு சோடா குடிங்கன்னு சொல்லிப்போட்டனுங்க மேடம். மறுநாளு அவரு வரல. இனி எப்பவும் வரமாட்டாருங்க.” சொல்லிவிட்டு அழுதார்.

அந்த நேரம் பார்த்து டிரைவர் சாப்பிட்டு வந்து, கயிற்றை இறுக்கிவிட்டு வண்டியை எடுத்தார்.

“மேடம், ஒடம்பெல்லாம் ஆடுதுங்க.”

“பரவாயில்ல சார். ரொம்ப நாளா அடக்கி வெச்சது. ஆடட்டும்.”

“காதுக்குள்ள ஹாரன் சத்தங் கேக்குதுங்க.”

“கேட்கட்டும். எதிர்த்துப் போராடாதீங்க.”

அண்ணன் போராடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, “உக்கடமெல்லாம் எறங்கு” என்று வெளியே ஒரு பஸ் கண்டக்டரின் குரல் கேட்டது. அம்மையாருக்கும் கேட்டுவிட்டது.

“சார், நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

“மனசுலயாங்க, ஊருலயாங்க?”

கண்ணைத் திறந்தால் இருட்டு. முன்பக்கம் ஓங்கித் தட்டினார். டிரைவர் பாட்டு போட்டிருந்தார். டிரைவருக்குப் போன் போட வேண்டுமானால் மேடத்தின் லைனைத் துண்டிக்க வேண்டும், அதற்கு அவருக்கு மனம் வரவில்லை. நெஞ்சு இறுக ஆரம்பித்தது. நேரம் முடிந்தும் அம்மையார் போனை வைக்கவில்லை. “நான் இருக்கேன் சார். நாலு எண்ணி மூச்சை இழுங்க, ஆறு எண்ணி விடுங்க” என்று கூடவே எண்ணிக்கொண்டு வந்தார்.

கிணத்துக்கடவில் டிரைவர் தார்ப்பாயை அவிழ்த்தால், உள்ளே சூப்பர்வைசர் கண்ணை மூடி “நாலு, அஞ்சு, ஆறு” என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏனுங்கண்ணா, பொட்டியெல்லாம் சரியாத்தான் இருக்குது. நம்பிக்கை இல்லாம கூடவே வந்துட்டீங்களா?”

அதற்கப்புறமும் பல புதன்கிழமைகள் பேசினார், நகராத இடமாகப் பார்த்து உட்கார்ந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரின் வீட்டுக்குப் போய் சோடா விஷயத்தை அவர் மனைவியிடம் சொன்னார். அந்தம்மா, “ஊட்டுல எங்கிட்டயும் கேஸுன்னுதானுங்க சொன்னாரு. நானும் சுக்குத்தண்ணி வெச்சுக் குடுத்தேன்” என்றாராம். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் சுமந்துகொண்டிருந்தது ஒரே பாரம்.

நெஞ்சிறுக்கம் முழுதாகப் போய்விடவில்லை. வந்தால் வெளியே போய் நின்று எண்ணிவிட்டு வருவார். பொறுப்புகளை ஒப்படைப்பது மட்டும் நின்றுவிட்டது.

போன வருஷம் என் அம்மா இறந்த பிறகு எனக்கு இடம், நேரம் தெரியாமல் அழுகை வந்தது. அண்ணன் எதுவும் கேட்காமல் மேடத்தின் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஸ்பேர் பார்ட்ஸ் ரூமில் உட்கார்ந்து நான் பேசி முடிக்கும்வரை, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளியே வந்தபோதும், “உள்ள ஸ்டாக் எடுக்கறாங்க, அப்பறம் வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

கதவைத் திறந்து பார்த்தேன். நான் பேசுவது காதில் விழுந்துவிடக் கூடாதென்று, நாற்காலியை நல்ல வெயிலில், பத்தடி தள்ளிப் போட்டிருந்தார்.