ஒன்பது அடி நீளமுள்ள மரச்சாமான் ஒன்று

நாலு காலும் மேலே ஒரு பலகையும் இருந்தால் அது மேசை என்றுதான் நாற்பத்தெட்டு வயதுவரை நினைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அதற்குமேல் தோன்றவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துச் சுங்க அதிகாரியும், எங்கள் கோயில் கமிட்டியின் இருபத்திரண்டு பெரியவர்களும் சேர்ந்து என் அறியாமையை நீக்கினார்கள். அதற்கு அவர்களுக்கு நாலு மாதம் பிடித்தது.

என் வீட்டுக்காரர் ஜேசுபாதம் கொழும்பில் தேயிலைக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. காய்ச்சலில் கிடந்தபோதே முதிரை மரத்தில் ஒன்பது அடிக்கு ஒன்று செய்யச் சொல்லி, "நம்ம ஊர்க் கோயில்ல இதுல வச்சுத்தான் நற்கருணை குடுக்கணும். கொண்டு சேத்திரு, இன்பமணி" என்றார். அதுதான் அவர் கடைசிப் பேச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் வருஷம் அக்டோபரில் அதைத் தோணியில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

சுங்க அதிகாரி மந்திரமூர்த்தி நெல்லையப்பர் கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறவர். நெற்றியில் திருநீறு, காதில் பென்சில். விண்ணப்பப் பாரத்தில் "பொருளின் பெயர்" என்ற இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டார்:

"இது என்னம்மா?"

"மேசை, ஐயா. கோயில்ல அப்பமும் திராட்சரசமும் வைக்கிறது."

"மேசைன்னா மரச்சாமான். வெளியூர் மரச்சாமானுக்கு டில்லியில லைசென்ஸ் வாங்கணும். ரெண்டு வருஷம் ஆவும். பலிபீடம்னு சொல்லுங்க, அது வழிபாட்டுப் பொருள். இப்பமே தூக்கிட்டுப் போலாம்."

"அப்ப பலிபீடம்னே எழுதிக்கிடுங்க."

"நீங்க சொன்னாப் போதாது. இதுல பலி நடக்குன்னு உங்க கமிட்டி எழுதித் தரணும். நாப்பது நாளுக்குள்ள தராட்டா ஏலம்."

ஏலத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கறிக்கடைக்காரர் யாராவது எடுத்து அதன்மேல் ஆட்டை வெட்டினால் என் வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

கமிட்டிக்கு ஓடினேன். போன வருஷம்தான் பல சபைகள் ஒன்றாகி ஒரே திருச்சபை ஆகியிருந்தது. அதனால் அதுவரை வேறு வேறு கட்டடங்களில் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் முரண்பட்டவர்கள், இப்போது ஒரே கட்டடத்துக்குள் முரண்படும் வசதியைப் பெற்றிருந்தார்கள்.

எங்கள் ஜில்லாவிலுள்ள நாசரேத்திலிருந்து வந்த வேதமணி வாத்தியார் ஒரு கட்சி. நற்கருணையில் கிறிஸ்துவின் பலியை ஆண்டவர் சமுகத்தில் ஏறெடுக்கிறோம், ஆகவே அது பீடம் என்பார். வக்கீல் குமாஸ்தா கிருபாநிதி எதிர்க்கட்சி. பலி கல்வாரிச் சிலுவையில் ஒரே தரம் நடந்து முடிந்தது, இது அவரை நினைத்து உண்ணும் விருந்து, ஆகவே மேசை என்பார். என் வீட்டுக்காரருக்கு இவர் சித்தப்பா மகன். எனவே எனக்கு மைனி என்ற மரியாதை மட்டும் கிடைத்தது.

"மைனி, பலி நடக்குன்னு ஒரு துண்டுச் சீட்டு குடுத்தாப் போதும், நாளைக்கு அதைக் காட்டியே வாத்தியார் நம்மள எல்லாம் குப்புற விழவச்சிருவாரு" என்றார் கிருபாநிதி.

"லைசென்ஸ் வாங்கி மேசையாக் கொண்டு வாரும், தங்கச்சி. நான் முழங்கால் போடமாட்டேன். சோத்து மேசைக்கு எவனாவது முழங்கால் போடுவானா?" என்றார் வாத்தியார்.

"அண்ணாச்சி, அது துறைமுகத்துல மழையில நனையுதே!"

"சத்தியம் நனையாது, தங்கச்சி."

நனைந்தது மரம்தான். மூன்று மணி நேர விவாதத்துக்குப் பிறகு கமிட்டி ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: "திருமதி இன்பமணி ஜேசுபாதம் அவர்களின் காணிக்கை ஏலத்தில் போகவிருப்பது குறித்து இக்கமிட்டி தன் ஆழ்ந்த துயரத்தை முன்கூட்டியே பதிவு செய்கிறது."

சரக்குப் பார்க்கப் போகும்போதெல்லாம் தோணியை ஓட்டிவந்த தண்டல் கஸ்பார் பர்னாந்து எதிரே வருவார். அவர் கத்தோலிக்கர்.

"யக்கா, பேசாம எங்க கோயிலுக்குக் குடுத்திரும். எங்களுக்குப் பலியில சந்தேகமே கிடையாது. மெழுகுதிரி கொளுத்தி, கொட்டு முழக்கத்தோட தூக்கிட்டுப் போயிருவோம்."

இதைக் கமிட்டியில் சொன்னேன். அப்படி மட்டும் நடக்கவே கூடாது என்பதில் இரண்டு கட்சிகளும் உடனே ஒன்றாயின. ஐக்கியத்தின் முதல் கனி என்று எங்கள் சபைக் குருவான ஐயர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

மந்திரமூர்த்தி நல்ல மனிதர். கமிட்டி எழுதித் தராவிட்டால் தானே நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று சட்டத்தில் ஓர் இடம் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கடைசி பெஞ்சியில் உட்கார்ந்தார். இரண்டு கட்சிகளும் அன்று அவருக்காகவே ஆராதித்தன. வாத்தியார் கட்சி நெற்றி தரையில் படும்படி முழங்கால் போட்டது. கிருபாநிதி கட்சி சாப்பாட்டுக்கு வந்தவர்கள்போல் நிமிர்ந்து நின்றது. ஐயர் நடுநிலை வகித்து இரண்டுக்கும் இடையில் ஒருவிதமாகக் குனிந்தார்.

மந்திரமூர்த்தியின் அறிக்கை மறுநாள் வந்தது.

"மேற்படி இடத்தில் பலி நடந்ததற்கான தடயம் இல்லை. ஆடு, கோழி, பூசணிக்காய் எதுவும் காணப்படவில்லை. காக்கையும் வரவில்லை. விருந்து நடந்ததற்கும் தடயம் இல்லை. எழுபத்தெட்டுப் பேர் உண்டார்கள். ஒருவருக்கும் பசி ஆறியதாகத் தெரியவில்லை. ஆளுக்குக் கடுகளவு ருசி மட்டும் காட்டப்பட்டதால், இது வியாபார மாதிரி என்று கருத இடமுண்டு. ஆனால் மாதிரிச் சரக்கு கையில் எடுத்துச் செல்லக்கூடியதாக இருக்கவேண்டும். ஒன்பது அடி அனுமதிக்கப்படவில்லை."

ஏலத்துக்கு ஐந்து நாள் இருந்தது. நான் அவர் மேசைமுன் உட்கார்ந்து அழுதேன். அழுகிறவர்களுக்கென்று பாரம் இல்லாததால் அவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது.

"அழாதீங்கம்மா. வெளியூர்ல இருந்துட்டு ஊர் திரும்புதவங்க வீட்டுச் சாமானுக்குத் தடையில்ல. வீட்டுச் சாப்பாட்டு மேசைன்னு எழுதிருதேன். ஒரு வருஷம் உங்க வீட்டுல போட்டுச் சாப்பிடணும். அப்புறம் யாருக்கு வேணும்னாலும் குடுங்க."

"அப்படியே செய்யுங்க, ஐயா!"

பென்சில் மறுபடி நின்றது. "ஒத்த மனுஷி ஒன்பது அடி மேசையில சாப்பிடுவான்னு சொன்னா சர்க்கார் நம்பாது. யார் யாரு சாப்பிடுவாங்கன்னு ஒரு லிஸ்டு வேணும். கையெழுத்தோட."

யாரிடம் போவேன்? மறுபடியும் கமிட்டியிடம்தான் போனேன். காகிதத்தை வைத்துவிட்டு, சாப்பாடு என்ற சொல்லில் கிருபாநிதி ஜெயித்துவிட்டதாக வாத்தியார் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்து நின்றேன். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"மீனா, கறியா?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு கையெழுத்தும் பத்து நிமிஷத்தில் விழுந்தன. அந்தக் கமிட்டியின் சரித்திரத்தில் திருத்தம் ஏதும் கொண்டுவரப்படாத காகிதம் அது ஒன்றுதான்.

என் வீட்டு முன்னறையில் மேசை ஏறியது. முன்னறையில் இருந்த மற்ற எல்லாம் வெளியேறின. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கமிட்டி நேரே வரும். ஏழெட்டுப் பேராக மூன்று பந்தி. கிழக்கு முனையில் வாத்தியார் கட்சி, மேற்கு முனையில் கிருபாநிதி கட்சி, நடுவில் குழம்புச் சட்டி. அரிசி கிடைக்காத காலம். மாப்பிள்ளையூரணி வரை நடந்து அரிசி தேடினேன். கொழும்பில் வாங்கிய வளையல் ஒன்று டிசம்பர் தொடக்கத்தில் போயிற்று. இன்னொன்று கிறிஸ்துமஸ் வாரத்தில் போயிற்று.

"மைனி, குழம்புல புளி ஒரு நெல்லு கூடிப்போச்சு."

"தங்கச்சி, அந்தப் பக்கத்துக்கு மட்டும் மீனு நடுக்கண்டமாப் போகுதே, இங்கன வாலாவே வருது. இதுல ஏதும் கொள்கை உண்டா?"

ஜனவரி கடைசியில் மந்திரமூர்த்தி பரிசோதனைக்கு வந்தார். வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று பந்தியையும் பார்த்தார். சாப்பிடுகிறீர்களா என்று நான் கேட்டதற்குச் சுங்க விதிகளில் இடமில்லை என்றார். கடைசிப் பந்தி கை கழுவியதும் கேட்டார்:

"நீங்க எப்பம்மா சாப்பிடுவிய?"

"எல்லாரும் சாப்பிட்ட பொறவு, ஐயா."

"எல்லாரும் சாப்பிட்டாச்சே. சாப்பிடுங்க, பாத்து எழுதிக்கிடுதேன்."

நான் மேசையைத் துடைத்தேன். அவரே எழுந்துபோய்ப் பானைகளைத் திறந்து பார்த்தார்; ஒன்றிலும் பருக்கை இல்லை. அடுக்களையில் தட்டுமுட்டு குறைந்திருந்ததையும் பார்த்தார். வளையல் இல்லாத என் கையையும் பார்த்தார். பிறகு ஸ்டூலில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் எழுதி, எழுதியதை உரக்க வாசித்தார்.

"சாப்பிட வருகிறவர்களைப் பொறுத்தமட்டில் இது மேசை. மேற்படி விதவையைப் பொறுத்தமட்டில் இது பலிபீடம். பொருள் விதவைக்குச் சொந்தமானபடியால் இரண்டாவதே செல்லும். வழிபாட்டுப் பொருள் என்று முடிவு செய்து விடுவிக்கப்படுகிறது."

முத்திரை குத்தினார். "இனி ஒரு வருஷம் காக்க வேண்டாம்மா. இன்னைக்கே கோயிலுக்குக் கொண்டு போலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் போனதும் திண்ணைக்கு ஓடிப்போய்க் காகிதத்தைக் கமிட்டியிடம் நீட்டினேன். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாங்கி வாசித்தார்கள்.

"இதை ஏத்துக்கிட முடியாது, மைனி. பலி கல்வாரியில முடிஞ்சாச்சு. அதுக்குப் பொறவு நீங்க எப்படி அதுக்குள்ள வருவிய?" என்றார் கிருபாநிதி.

"பலி உண்டு, தங்கச்சி. அதை நான் மறுக்கலை. ஆனா மீன்கொழம்புல கிடையாது. இந்தக் காகிதத்தோட அது கோயிலுக்குள்ள நுழைஞ்சா நான் வெளியே போயிருவேன்" என்றார் வாத்தியார்.

"நானும் வாரேன், அண்ணாச்சி" என்றார் கிருபாநிதி.

இருவரும் ஒருவரையொருவர் வியப்போடு பார்த்துக்கொண்டார்கள். ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரசாங்கத்தின் இந்த முடிவை எதிர்த்து இரண்டு கட்சிகளும் சேர்ந்து ஒரே மனுவாக அனுப்புவது என்று அங்கேயே தீர்மானமாயிற்று. மனுவை வார்த்தை வார்த்தையாக அலசி எழுத ஐந்தாறு ஞாயிறாவது ஆகும். அத்தனை பேர் சுற்றி உட்கார இந்த மேசையைவிடத் தோதான இடம் ஊரில் இல்லை என்பதையும் ஒருவரும் மறுக்கவில்லை.

"பாளையங்கோட்டையில இருந்தும் நாலு பேரு வருவாங்க, தங்கச்சி. இருபத்தாறுன்னு வச்சுக்கிடும்" என்றார் வாத்தியார்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சீலா மீனு வாங்கவா, பாறை மீனு வாங்கவா, அண்ணாச்சி?" என்று வந்தது.