ஜான்சியின் இடது தோள்

கால்பந்தில் ஆளைத் தாண்டிப் போவதென்றால், எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்று எதிராளிக்குத் தெரியக்கூடாது. என் கஷ்டம், எனக்கே தெரியாது. ஆட்டத்தில் மட்டுமல்ல. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து லாரி கிளீனர், ஊரப்பாக்கத்தில் பெயின்ட் வேலை, வேடந்தாங்கலில் சுண்டல் வியாபாரம் (பறவைகள் போனதும் வியாபாரமும் பறந்தது) என்று சுற்றியவன் நான். எங்கேயும் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

இருபத்து மூன்று வயதில் கோவளத்தில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். படுக்கை, பழைய வலைக் குவியல். மீன் வாடை எனக்குப் பழகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத்தான் பழகவில்லை. சாயங்காலம் படகுகளுக்கு நடுவே மணலில் பந்து விளையாடுவோம். அங்கேதான் 'ஸ்டெப் ஓவர்' கற்றேன். பந்தைத் தொடாமல் அதன்மேல் காலைச் சுற்றிக் காட்ட வேண்டும். எதிராளி அந்தப் பக்கம் சாய்ந்ததும் மறுபக்கம் தட்டிக்கொண்டு ஓட வேண்டும். செல்போனில் பார்த்து ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அதுவும் ஒரு சுற்று அல்ல, நான்கு.

என்னோடு ஐஸ் தூக்கிய அந்தோணி அசந்துபோனான்.

"மச்சான், செங்கல்பட்டாண்ட ஒரு கம்பெனில ஃபுட்பால் டீமுக்கு ஆள் எடுக்குறாங்கோ. பர்மனன்ட் வேலை. ஹாஸ்டல் கீது. மூணு வேளை சோறு. போய்ட்டு வாடா."

மூன்று வேளைச் சோறு என்றதும் கை தானாக விண்ணப்பத்தை எழுதியது. படிப்பு: பத்தாவது. அனுபவம்: மாவட்ட அளவில் ஆடியவர். பூட்ஸ் அந்தோணியுடையது, ஒரு சைஸ் பெரிது. முனையில் துணி திணித்துக்கொண்டேன்.

அங்கே மைதானம் கெட்டியான செம்மண் தரை. தேர்வு எளிதுதான். தடுப்பவரைத் தாண்டி மூன்று முறை பந்தைக் கொண்டுபோக வேண்டும். பிறகு அதே ஆள் பந்தோடு வருவார், மூன்று முறை தடுக்க வேண்டும். ஆறில் இரண்டு ஜெயித்தால் வேலை.

கோச் என் விண்ணப்பத்தைப் பார்த்தார். "எந்த டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஆடின?"

"கோவளம் சார்."

"அது எப்ப டிஸ்ட்ரிக்ட் ஆச்சு?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஜான்சி, இவனை இன்னான்னு பாரு."

ஜான்சி அந்தக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இருந்தாள், பெண்கள் அணிக்குக் கேப்டன். என் தோள் உயரம்தான். நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இன்றும் விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டுகிறாள்.)

"இன்னா சிரிச்சிகினு கீற? பந்த எடு."

மணலில் ஒரு வசதி உண்டு. பந்து விட்ட இடத்திலேயே கிடக்கும், நாம் சாவகாசமாக நான்கு சுற்றும் சுற்றலாம். கெட்டித் தரையில் பந்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. முதல் சுற்றில் அது இரண்டடி தள்ளிப் போயிருந்தது. இரண்டாவதில் ஜான்சியின் காலடியில் இருந்தது. மூன்றாவதையும் நான்காவதையும் வெறும் தரைக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் பந்தின்மேல் கால் வைத்து, கடைசிவரை பார்த்தாள்.

"முடிஞ்சிச்சா?"

அடுத்த தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை பூட்ஸ் கழன்று, பந்தை முந்திக்கொண்டு அவளிடம் போய்ச் சேர்ந்தது.

"ரெண்டுல எதைத் தடுக்கணும், சொல்லு."

பிறகு அவள் முறை. மெதுவாக வந்தாள். இடது தோள் லேசாகத் தாழ்ந்தது. அந்தப் பக்கம் பாய்ந்தேன். அவள் வலப்பக்கமாகப் போய்விட்டிருந்தாள். சரி, தோளைப் பார்க்கக்கூடாது என்று இரண்டாவது முறை இடுப்பைப் பார்த்தேன். இடுப்பும் அதே பொய்யைச் சொன்னது.

மூன்றாவது முறை, எந்தப் பக்கம் போவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தும், அவள் சாய்ந்தபோது சாய்ந்தேன். தோள், கழுத்து, கண், பின்னல் எல்லாமே இடப்பக்கம் போயின. பந்து மட்டும் போகவில்லை. நான் குப்புற விழுந்தேன். டிரவுசர் கிழிந்தது. தரையில் கன்னம் பதிந்தபடியே பார்த்தேன்: வலது காலின் வெளிப்புறத்தால் ஒரே ஒரு தொடுகை. தூசிகூட எழவில்லை. வேலை, ஹாஸ்டல், சோறு எல்லாம் மறந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். (மண் உள்ளே போனது பிறகுதான் தெரிந்தது.) நான் ஒரு காலை மட்டும் பொய் சொல்ல அனுப்பியிருந்தேன். அவள் மொத்த உடம்போடும் நிஜமாகவே அந்தப் பக்கம் போனாள், நிஜமாகவே திரும்பி வந்தாள். அதை நம்பாமல் யாரால் நிற்க முடியும்?

கோச் காகிதத்தை மடித்தார். "ஆறும் போச்சு. கெளம்புப்பா."

நான் ஜான்சியிடம் போனேன். "இன்னொரு தபா செய்ங்க."

"வேலை இல்லன்னு சொல்றாரு, காதுல வுழல?"

"வுழுந்திச்சு. இன்னொரு தபா."

செய்தாள். மறுபடியும் விழுந்தேன்.

கோவளத்துக்குப் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க மட்டுமே போனேன். மைதானத்துக்கு எதிரே ஒரு பஞ்சர் கடையில் சேர்ந்தேன். அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி நன்றாகத் தெரியும். ஆறு மாதம் கடந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஜான்சியின் வீட்டில், "மாப்ள இன்னா பண்றாரு?" என்று கேட்டார்கள்.

"வுழுவாரு" என்றாளாம்.

இப்போது கடை என்னுடையது. எங்கள் மகளுக்கு ஏழு வயது. சாப்பிடும்போது எனக்கு எதிரே உட்கார்ந்து இடது தோளை மெல்லத் தாழ்த்துவாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பேன். திரும்பினால் என் தட்டில் முட்டை இருக்காது. இப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். நேற்றும் பார்த்தேன்.

"கோவளம் டிஸ்ட்ரிக்ட்டு, முட்டைய காணோம் பாரு" என்றாள் ஜான்சி, அடுப்பிலிருந்து திரும்பாமலே.