குயில் கொடுத்த இன்டர்வியூ

“மேடம், இன்டர்வியூக்கு ரெடியா?”

“ரெடி!” என்று வீட்டுக்குப் பொதுவான செல்போனில் உற்சாகமாகச் சொன்ன பிறகுதான், தான் மேடம் இல்லை என்பது பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு உறைத்தது.

குற்றம் அவர் குரலுடையது. கனத்த மீசைக்குக் கீழே கீச்சென்று ஒரு பெண் குரல். ஆபீஸில் அவருக்குக் குயில் என்று பெயர். போனில் பேசுகிற அத்தனை பேரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், எப்போதோ அதை விட்டுவிட்டார்.

“ஸ்காலர்ஷிப் கமிட்டியிலிருந்து பேசறோம். காலேஜ் ஃபீஸ் முழுசும் எங்க பொறுப்பு. அதோட ஆறு மாசம் விமான இன்ஜின் ஃபேக்டரியில இன்டர்ன்ஷிப். இது கடைசி ரவுண்டு” என்றார் அந்த அதிகாரி அம்மாள்.

குமாஸ்தாவுக்கு உச்சந்தலை ஜிவ்வென்றது. ஒரு வாரமாகவே ஸ்காலர்ஷிப், இன்டர்ன்ஷிப் என்று வீட்டில் பேச்சு காற்றுவாக்கில் அடிபட்டுக்கொண்டிருந்தது. மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிற மகள் ரகசியமாக அப்ளை செய்திருக்கிறாள், கிடைத்ததும் சொல்லி அப்பாவைத் திக்குமுக்காட வைக்கப்போகிறாள் என்று அவராகவே முடிவு கட்டி, ஒன்றும் தெரியாதவர் போல நடித்துவந்தார்.

ஆனால் மகள் வீட்டில் இல்லை. கல்லூரியில் இன்று பன்முக நாள். வெவ்வேறு துறை, வெவ்வேறு மொழி, காது கேளாதவர், சக்கர நாற்காலியில் வருகிறவர் என எல்லாரையும் கலந்து குழு பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஓடுகிற வண்டி ஒன்று செய்ய வேண்டும் என்று போட்டி. உள்ளே போன் கூடாது.

“மேடம், ஒரு விஷயம்...” என்று இழுத்தார்.

“ஒரு விஷயமும் வேண்டாம். காலையிலேர்ந்து லைனே கிடைக்கல. இப்ப விட்டா இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும். ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?”

“ஆரம்பிங்க!”

அந்த நேரம் பார்த்து, சோப்பு நுரை சொட்டும் கைகளோடு மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். யார் என்று புருவத்தால் கேட்டாள். அவர் போனைப் பொத்திக்கொண்டு, “ஸ்காலர்ஷிப்! நம்ம பொண்ணாப் பேசிட்டிருக்கேன். மூச்சு விடாதே!” என்றார்.

அவள் முகம் வெளிறியது. போனைக் கொடு என்று கையை நீட்டினாள்.

‘கையேந்திக் கேள் என்கிறாளா? சரி.’ “மேடம், இந்த ஒரு வாய்ப்பு கொடுங்க மேடம். காலத்துக்கும் மறக்க மாட்டேன்” என்று உருகினார்.

“முதல்ல கேள்விக்குப் பதில் சொல்லுங்க. என்ன படிப்பு, எந்த வருஷம்?”

“மெக்கானிக்கல். மூணாவது வருஷம்.”

“ஆமா, எங்ககிட்டயும் அப்படித்தான் இருக்கு.”

மனைவி போனை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். வாய்விட்டுப் பேசவும் அவளால் முடியவில்லை. இரண்டு குரல் கேட்டால் குட்டு உடைந்துவிடும். குமாஸ்தா நழுவி, பாத்ரூமுக்குள் புகுந்து தாழ் போட்டார். கதவு படபடவென்று தட்டப்பட்டது.

“என்ன மேடம் சத்தம்?”

“வாஷிங் மெஷின் மேடம்.”

“குரல் விட்டு விட்டு வருதே. சிக்னல் இருக்கற இடத்துக்கு வாங்க.”

வேறு வழியில்லை. கதவைத் திறந்து, மனைவியின் கைக்கடியில் குனிந்து, பால்கனிக்குப் பாய்ந்தார். அவளும் பின்னாலேயே வந்தாள்.

“எங்க திட்டத்தோட நோக்கமே, எல்லாவிதமான ஆட்களும் ஒரே வகுப்புல உட்காரணும்ங்கறதுதான். உங்களை ஏன் எடுக்கணும்?”

“ஏன்னா... நான் ஒரு பொண்ணு மேடம்!” என்றார் உரக்க.

அடுத்த பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் மீசையைப் பார்த்தார், பூவாளியைக் கீழே வைத்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“அது மட்டும் போதாதே” என்றார் அதிகாரி.

மனைவி தன் நெஞ்சில் விரலால் குத்திக் குத்திக் காட்டினாள். ‘மனசிலிருந்து பேசு என்கிறாள். கெட்டிக்காரி!’ மனசைத் துழாவினார். மகள் எதையும் பழுதுபார்த்து அவர் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் மனைவி செய்ததைத்தான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று அதையே மகள் கணக்கில் ஏற்றினார்.

“எங்க வீட்ல மிக்ஸி நின்னுபோனா அதைப் பிரிச்சுப் போடற ஆம்பளை ஒருத்தர் உண்டு. திரும்பச் சேர்க்க அவருக்குத் தெரியாது. நான்தான் சேர்ப்பேன். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிடுவேன். இத்தனைக்கும் ஒருத்தரும் அதைப் பெரிசா நினைச்சு ஒரு வார்த்தை பாராட்டினது கிடையாது மேடம்.”

கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. மனைவியின் கை நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

“ரொம்ப நல்லா சொன்னீங்க! ஒரு சின்ன டெக்னிகல் கேள்வி. பெரிய கியர் ஒண்ணு சின்ன கியரைச் சுத்த வைக்குது. எது வேகமாச் சுத்தும்?”

குமாஸ்தாவுக்குக் கண் இருட்டியது. மனைவியைப் பார்த்தார். அவள் சுண்டுவிரலை நீட்டி வேகவேகமாக ஆட்டினாள். ‘காய் விடுகிறாளே! இந்த நேரத்திலா?’

“சின்ன...” என்று ஆரம்பித்தார். ‘சின்னப் பிரச்சினை மேடம், ஒரு நிமிஷம்’ என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

“சின்னதுதான்! கரெக்ட்! சரி, வீடியோவைப் போடுங்க. முகத்தைப் பார்த்துக் கடைசிக் கேள்வி கேட்டுடறேன்.”

வீடியோ! போனைப் பொத்திக்கொண்டு மனைவியைக் கூடத்துக்கு இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

“இதோ பாரு, இப்ப நீதான் நம்ம பொண்ணு. இருபது வயசு மாதிரி சிரி. வாயை மட்டும் அசை. நான் பேசிக்கறேன்.”

“ஏங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்...” என்று அவள் கிசுகிசுத்தாள்.

“உஷ்! வாழ்க்கைப் பிரச்சினை!”

போனை அவள் முன்னால் சாய்த்து நிறுத்தி, பட்டனைத் தட்டிவிட்டு, மேஜைக்கடியில் தவழ்ந்து புகுந்தார். மேலே அதிகாரியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“வணக்கம் மேடம். போட்டோவுல இருக்கற மாதிரியே இருக்கீங்க.”

குமாஸ்தா அசந்துபோனார்.

“கடைசிக் கேள்வி. ஆறு மாசம் வெளியூர்ல தங்கி வேலை பழகணும். நல்லாப் படிக்கற பெண்கள் பலர் இங்கதான் பின்வாங்கிடறாங்க. உங்க வீட்ல அவர் சம்மதிப்பாரா?”

மேஜைக்கடியில் மனைவியின் கால்விரல்கள் மடங்கித் தரையை அழுத்தின. மகளின் எதிர்காலம் அந்தக் கேள்வியில் ஊசலாடுவதாக நினைத்தார். இதற்கு மட்டும் யார் ஜாடையும் தேவைப்படவில்லை.

“சம்மதிப்பாரு மேடம்! பார்த்தா முரடு மாதிரி இருப்பாரு, ஆனா தங்கமான மனுஷன். பெட்டியைத் தூக்கிட்டு வந்து அவரே ரயிலேத்தி விடுவாரு. வீட்டைப் பத்தி ஒரு கவலையும் வேண்டாம். சமையல் கத்துக்குவாரு. துணி துவைப்பாரு. ‘நீ போய் ஜெயிச்சுட்டு வா, நான் பார்த்துக்கறேன்’னு சொல்லுவாரு. இத்தனை நாள் சொன்னதில்லை. ஏன்னா, யாரும் அவரைக் கேட்டதில்லை மேடம்!”

மேலேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் புறங்கையில் விழுந்தது. சோப்புத் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டார்.

“முகத்தைப் பொத்திட்டு அழாதீங்க மேடம்” என்றார் அதிகாரி. “நீங்க செலக்டட். அடுத்த மாசம் காலேஜ்ல சேர்ந்துடலாம். அந்த நல்ல மனுஷனுக்கும் எங்க வாழ்த்தைச் சொல்லிடுங்க!”

‘அதுதான் மூன்றாம் வருடமே ஆகிறதே, இன்னும் எதில் சேர்வது?’ என்று ஒரு கணம் தோன்றியது. வெற்றிக் களிப்பில் அது நிற்கவில்லை. எழுந்த வேகத்தில் மேஜையில் தலை இடித்துக்கொண்டது. அதுவும் வலிக்கவில்லை.

“ஜெயிச்சுட்டோம்! இருபது வயசுன்னு நம்பிட்டாங்க பார்த்தியா! நான் பொண்ணு பார்த்த அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கே, சத்தியமா!”

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வாசல் கதவு திறந்தது. சட்டையெல்லாம் கிரீஸோடு மகள் உள்ளே வந்தாள்.

“கண்ணு!” குமாஸ்தா பாய்ந்துபோய் அவளைத் தூக்காத குறையாகச் சுற்றினார். “ஸ்காலர்ஷிப் கிடைச்சுடுச்சு! விமான இன்ஜின்! உன் இன்டர்வியூவை அப்பாவே கொடுத்து, அப்பாவே ஜெயிச்சுட்டேன்!”

மகள் திகைத்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணீரோடு தலையாட்டினாள். மகள் வீலென்று கத்திக்கொண்டு பையை வீசியெறிந்துவிட்டு, ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

“ஏய், ஜெயிச்சது நான்! என்னை விட்டுட்டு அங்க என்ன கொஞ்சல்?” என்றார் குமாஸ்தா.

மகள் திரும்பினாள்.

“ஐயோ அப்பா, நான் எதுக்குமே அப்ளை பண்ணலை, என்னைப் பெத்துக்கறதுக்காக மூணாவது வருஷத்துல விட்ட படிப்பை முடிக்கணும்னு அப்ளை பண்ணது அம்மா!”