அஸ்தி இடப்பக்கம், ஐயர் வலப்பக்கம்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. அப்பா காலமானார்.
2. அவருடைய பழைய கரவானுக்கு நான் புது வயர் இழுத்தேன்.
3. அப்பாவின் அஸ்தி இடப்பக்கம் போனது.
4. ஐயரும் சொந்தக்காரர்களும் வலப்பக்கம் போனார்கள்.

முதலாவதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

கரவான் என்பது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சிறு வீடு. கடலுக்குப் போகவென்று அப்பா வாங்கியது. விளக்குகள் எரியாததால் புறநகரான ஸ்தேனில் ஒரு நண்பரின் வளவைத் தாண்டவேயில்லை. "அவரும் அதுவும் ஒண்டாக் கடலைப் பாக்கட்டும்" என்றார் அம்மா. நான் ஒரே பிள்ளை, மின்தொழில்நுட்பம் படித்தவள். (அந்த டிப்ளோம் இன்னும் சுவரில் தொங்குகிறது. கழற்ற மனம் வரவில்லை.)

பழைய வயர்கள் எல்லாம் வெளிறி ஒரே நிறமாகியிருந்தன. காரோடு கொளுவும் கொளுக்கிப் பக்கம் குந்தியிருந்து, கரவானைப் பார்த்தபடி, என் இடக்கைப் பக்கம் போன வயரில் 'இடம்' என்று ஒட்டினேன். கரவானும் என்னைப் பார்த்தபடிதான் நின்றது, அதன் இடம் எனக்கு வலம் என்பது உறைக்கவில்லை.

பின்னால் நின்ற அம்மாவிடம் கேட்டேன்.

"எரியுதோ?"

"ஓம் பிள்ளை, வடிவா எரியுது."

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

அஸ்தி கரைக்கும் நாள் காலை, தமிழ்க் கடைத்தெருவான ரூ காயில் எல்லாரும் கூடினார்கள். "ஜிபிஎஸ் என்னத்துக்கு? என்ரை பின்னாலை வாங்கோ" என்றார் கரவானைக் கட்டிய எங்கள் காரை ஓட்டிய மாமா. பெருந்தெரு பிரியும் இடத்தில் தியெப் கடலுக்கு இடப்பக்கம் போகவேண்டும். மாமா சிக்னல் போட்டார். கரவானில் வலப்பக்க விளக்கு மின்னியது. காரின் விளக்குகளைக் கரவான் மறைத்துவிட்டதால், ஐயரின் கார் அதை நம்பி வலப்பக்கம் போனது. மற்றவர்கள் ஐயரை நம்பினார்கள்.

சற்று நேரத்தில் ஐயரின் அழைப்பு.

"பிள்ளை, சனம் எல்லாம் பின்னாலை வந்திட்டுது. உங்களைத்தான் காணேல்லை."

"எங்கை நிக்கிறீங்கள் ஐயா?"

"பலகையிலை லீல் எண்டு போட்டிருக்கு. அங்கையும் கடல் இருக்கோ?"

"நான் இடம்தானே போட்டனான்!" என்று கத்திய மாமா, பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அஸ்திக் கலசம் என் மடியில் இருந்தது. எழுந்து ஓடவும் வழியில்லை.

அமர்த்திய படகு, துறையில் கடல்நீர் இறங்குவதற்குள் புறப்பட்டாக வேண்டும். ஐயருக்காகக் காத்திருந்தால் அன்று அஸ்தி கரையாது. இன்னொரு நாள் இதே பயணம் வர அம்மாவிடம் தெம்பில்லை.

"வெளிக்கிடு" என்றார் அம்மா. "உன்ரை அப்பாவுக்குச் சனக்கூட்டம் எப்பவும் பிடிக்காது."

படகில் நாங்கள் மூன்று பேர். ஐயர் ஏதோ ஒரு பெட்ரோல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் மந்திரம் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். நடுவில் அவர், "தம்பி, காரைக் கொஞ்சம் முன்னுக்கு எடும், லொறி வருகுது" என்றார். அதையும் பக்தியோடு திருப்பிச் சொன்னேன்.

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியபோது கலசத்தைக் கவிழ்த்தேன்.

எங்கள் குடும்பத்தில் யார் பிந்தி வந்தாலும், "லீல் வழியாவோ வந்தனீர்?" என்றுதான் கேட்பார்கள். ஒரு வருடம் கழித்து வந்த ஆட்டைத்திவசத்துக்கு ஐயர் மெட்ரோவில் வந்தார். வயர்களை மாற்றிவிட்டேன், விளக்குகள் சரியாக எரிகின்றன. கரவான் ஸ்தேனில் நிற்கிறது. அம்மா அவ்வப்போது போய் உள்ளே கூட்டித் துடைத்துவிட்டு வருகிறார். எங்கேயாவது கொண்டுபோகச் சொல்லி இதுவரை கேட்கவில்லை.