இரை விஷயத்தில் என் பக்கத்து நியாயம்

அலெக்ஸாந்திரியா, சீதி பிஷ்ர்
ஞாயிற்றுக்கிழமை

கெய்ரோவில் வசிக்கும் பெருமதிப்பிற்குரிய மைத்துனர், ஓய்வுபெற்ற பிரிகேடியர் இஸ்மத் அவர்களுக்கு வஜீஹ் எழுதுவது. இறைவனின் சாந்தி தங்கள் மீதும், தங்கள் வீட்டார் மீதும், தங்கள் இரண்டு முழங்கால்கள் மீதும் உண்டாவதாக. நாங்கள் இங்கே நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் ‘நாங்கள்’ என்று சொல்ல நானும் மகள் ரந்தாவும் மட்டுமே இருக்கிறோம், ரந்தாவும் என்னோடு பேசுவதில்லை.

தங்கள் தங்கை இனாயத் வெள்ளிக்கிழமை ரயிலில் அங்கே வந்து சேர்ந்திருப்பாள். வந்ததும் அழுதிருப்பாள், அழுதுகொண்டே சாப்பிட்டிருப்பாள், சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பற்றிச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியும் உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் நானல்ல என்பதை விளக்கவே இந்தக் கடிதம்.

முப்பத்துநான்கு வருடம் நிலப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்தவன் நான். இரண்டு சாட்சி இல்லாமல் எவன் கையெழுத்தையும் நம்பியதில்லை. அப்படிப்பட்டவன் ஓய்வுபெற்றதும் ஒரு தூண்டிலை வாங்கிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குக் கீழே, கான்கிரீட் கட்டைகள்மேல் போய் உட்கார்ந்தேன். இரண்டு வருடம் உட்கார்ந்தும் ஒரு கொடுவா மீன்கூடச் சிக்கவில்லை. பக்கத்தில் மஹ்ரூஸ் என்று ஒருவன். கப்பல் கேப்டன் தொப்பி போட்டிருப்பான், கப்பலில் வெங்காயம் உரித்தவன் என்று கேள்வி. அவன் வாளியில் மட்டும் கொடுவா வாலை அடித்துக்கொண்டே இருக்கும். “என்ன இரை போடறீங்க?” என்று கேட்டேன். கையிலிருந்த டப்பாவைச் சட்டென்று தொடைக்கு அடியில் தள்ளிவிட்டு, “உங்களுக்குச் சொல்றதுக்கு என்ன உஸ்தாத்! இறால்தான். தோலை உரிச்சு, சோம்பும் சர்க்கரையும் போட்டு ஒரு ராத்திரி ஊற வைங்க. கொடுவாவுக்கு இனிப்புன்னா உசுரு” என்றான். நம்பினேன். சாட்சி கேட்கத் தோன்றவில்லை.

அன்ஃபூஷி சந்தையில் போய் இறால் வாங்கி வந்தேன், நல்ல பெரிய இறால். இனாயத் பையைத் திறந்து பார்த்ததும் அவள் முகம் அப்படி மலர்ந்தது, கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத மலர்ச்சி. “பூண்டு தட்டட்டுமா?” என்றாள். “வேண்டாம், சோம்பு எடு. இது மீனுக்கு” என்றேன். “மீனுக்கு இறாலு, நமக்குப் பருப்புக் கஞ்சியா? பேசாம அந்த மீனையே கட்டிக்கிட்டிருக்கலாமே நீங்க!” என்று அன்றைக்கு ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை. தங்கள் வீட்டிலும் இப்போது அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாள், கொஞ்சம் காது கொடுங்கள்.

சர்க்கரை இறாலுக்கு எறும்புதான் வந்தது, மீன் வரவில்லை. வயிற்றெரிச்சலோடு இரைக்கடை பரகாத்திடம் போனேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “யாரு, மஹ்ரூஸ் சொன்னானா? அவன் பெத்த அப்பன் பேரையே மாத்திச் சொல்றவனாச்சே! மத்தி வாங்குங்க உஸ்தாத். முள்ளை எடுத்துட்டு, துண்டு போட்டு, கல்லுப்பு தூவி, பால்கனி வெயில்ல மூணு நாள். விடற தண்ணியை மட்டும் கொட்டிடாதீங்க, அதுலதான் விஷயமே இருக்கு. அப்புறம் மெல்லிசு ரப்பர் நூலால இறுக்கிச் சுத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க. பிளாஸ்டிக் டப்பா கூடாது, வேர்த்துடும். அட்டைப்பெட்டிதான்.” இதையும் நம்பினேன். மூன்று நாளில் எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் பால்கனிக்கு எதிர் மதிலில் வந்து வரிசையாக உட்கார்ந்தன. விட்ட தண்ணீரைப் பரகாத் சொன்னபடி கொட்டாமல்தான் வைத்திருந்தேன், அதுவாகச் சொட்டிக் கீழ்வீட்டு அம்மாள் காயப்போட்டிருந்த வெள்ளைத் தொழுகை உடையில் விழுந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? “தொழ நின்னா அல்லாஹ் ஞாபகம் வரமாட்டேங்குது, மீன்கடை ஞாபகம்தான் வருது!” என்று அந்த அம்மாள் மாடிப்படி அதிரக் கத்திவிட்டுப் போனாள். மிச்சமிருந்த சோம்பு இறாலையும் வீணாக்குவானேன் என்று மத்தியோடு சேர்த்துப் பிசைந்து, நூல் சுற்றி, கையில் கிடைத்த அட்டைப்பெட்டியில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தள்ளினேன். அது கேக் பெட்டி. நம் வீடுகளில் எந்தப் பெட்டியைத்தான் தூக்கிப் போடுகிறோம்? தங்கள் வீட்டு பிஸ்கெட் டின்னைத் திறந்தால் ஊசி நூல்தானே இருக்கிறது.

வியாழக்கிழமை மாலை ரந்தாவைப் பேசி முடிக்க வந்தார்கள். மாப்பிள்ளை ஷாதி மருந்துக்கடைக்காரன், தங்கமான பையன். அவன் அப்பா ஹாஜ் ஃபிக்ரி, அதிகம் பேசாதவர். அம்மா ஸுஹைர், அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள், வந்த உடனே திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்துத் தூசி ஊதினாள். ரந்தாவுக்கு முப்பத்திரண்டு வயதாகிறது, இதற்கு முன் வந்த இரண்டு இடமும் தட்டிப்போனது தங்களுக்குத் தெரியும், அதில் ஒன்று தாங்கள் கொண்டுவந்தது, அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாள். இந்த இடத்தில் எல்லாம் கூடிவந்தது. சம்பந்தம் உறுதி என்று ஃபாத்திஹா ஓதக் கையைக்கூட ஏந்திவிட்டோம். அப்போது ஸுஹைர், “முதல்ல ஆளுக்கு ஒரு வாய் இனிப்பு எடுத்துக்கிட்டு ஓதலாமே” என்றாள். அவர்கள் கொண்டுவந்ததும் அதே கடைக் கேக், அதே மாதிரிப் பெட்டி, அதையும் ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தோம். இனாயத் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஸுஹைர் முதல் துண்டு தனக்கு வரட்டும் என்று எட்டிக் குனிந்தாள், இனாயத் மூடியைத் தூக்கினாள், வந்த வீச்சத்தில் பெட்டி அவள் கையை விட்டு நழுவி அத்தனையும் ஸுஹைரின் பட்டு மடியில்! “இது பொண்ணு வீடா, பொணவறையா? எந்திரிங்க!” என்று அவள் போட்ட கூச்சலில் ஹாஜ் ஃபிக்ரி ஒரு கால் செருப்போடு படியிறங்கினார்.

ரந்தா அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மத்தியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள், தரையைத் துடைத்தாள், “எனக்கு ஷாதியைப் பிடிச்சிருந்துச்சுப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது சொல்லுங்கள், குற்றவாளி யார்? நானா? மஹ்ரூஸ் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் ஏன் பரகாத்திடம் போகப்போகிறேன்? கொலைகாரனைக்கூட மன்னிக்கலாம் மச்சான், ஏதோ கோபத்தில் செய்தான் என்று விட்டுவிடலாம். சக மனுஷன் நாள் முழுக்க வெயிலில் காய்வதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இரை விஷயத்தில் பொய் சொல்கிறவனை மன்னிக்கவே கூடாது. அப்படிப்பட்டவன் வீட்டில் பெண் எடுக்கவும் கூடாது, பெண் கொடுக்கவும் கூடாது. அந்தப் பயல்களின் சகவாசமே வேண்டாம் என்று தூண்டிலை நாளைக் காலையிலேயே வாயில்காவலருக்குக் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பெட்டியைக் கடலில் கொட்டிவிடுகிறேன். இனி இறால் வாங்கினால் இனாயத்துக்கு மட்டுமே. தாங்கள் இதைப் படித்துக் காட்டி, நாலு நல்ல வார்த்தை சொல்லி, அவளை உடனே அனுப்பிவைக்க வேண்டும். ஒவ்வொரு ஜூலையிலும் தாங்கள் குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்கும்போது நான் ஒருநாளாவது முகம் சுளித்திருக்கிறேனா? சுளித்ததைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்களா?

தங்கள் துணைவியாருக்கு என் சலாம். குழந்தைகளுக்கு முத்தங்கள். அல்லாஹ் தங்கள் சர்க்கரையைக் குறைத்து ஆயுளைக் கூட்டுவானாக.

தங்கள் அன்பும் அவமானமும் மிக்க,
வஜீஹ்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்துத் திங்கட்கிழமை மாலை எழுதுகிறேன். பெட்டியைக் கொட்டத்தான் போனேன், சத்தியமாக. சும்மா கொட்டுவானேன் என்று ஒரே ஒரு துண்டைத் தூண்டில் முள்ளில் கோத்துப் போட்டேன். மூன்று கொடுவா மச்சான்! ஒவ்வொன்றும் முழங்கை நீளம்! மஹ்ரூஸ் தொப்பியைக் கழற்றிவிட்டான். வீட்டுக்கு வந்து ஒருமணி நேரம் ஆகவில்லை, கதவைத் தட்டிக்கொண்டு ஹாஜ் ஃபிக்ரி தனியாக நிற்கிறார். அவரும் தூண்டில்காரராம், கடற்கரையின் மறுகோடியில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறாராம். “எங்க வீட்டுக்காரியை நான் பாத்துக்கறேன். வியாழக்கிழமை ஃபாத்திஹா ஓதிடலாம் சம்பந்தி. உங்க மூணு கொடுவாவைப் பத்தித்தான் கடற்கரை பூரா பேசிக்கறாங்க, அது என்ன இரைன்னு மட்டும் சொல்லிடுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்து, “வேகவெச்ச பட்டாணி” என்றேன். இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டுப் பட்டாணி வாங்கப் போயிருக்கிறார். கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ரந்தா, “எனக்காகவாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதாப்பா?” என்கிறாள். இனாயத்தைப் புதன்கிழமை ரயிலில் அனுப்புங்கள், பட்டாணி விஷயம் மட்டும் அவள் காதுக்குப் போகவேண்டாம். நான் என்ன செய்வேன் மச்சான்? பெண்ணைக் கொடுக்கிறேன் என்றுதான் சொன்னேன், இரையையும் கொடுக்கிறேன் என்று எப்போது சொன்னேன்?